பியானோ யாருடையது?

பியானோ என்றதும் பீத்தோவனும் சோபினும் நினைவுக்கு வருகிறார்கள். ஆபிரிக்க இசை என்றாலோ முரசு மட்டுமே. நானும் அண்மைக்காலம் வரை இப்படித்தான் எண்ணியிருந்தேன்.

பியானோவின் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. தட்டி ஒலிக்கும் கருவியில் ஆபிரிக்கத் தாளத்தை ஏன் வாசிக்க முடியாது? நைஜீரியாவின் அக்கின் யூபா வாசிக்க முடியும் என்று தம் ஆக்கங்களால் காட்டினார். கானாவின் குவாபெனா ந்கெட்டியா மாணவர்களுக்காகவே 12 பியானோ ஆக்கங்களை வெளியிட்டார். ஐரோப்பாவும் ஆபிரிக்காவிடம் கற்றது. ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி 1985இல் எழுதிய பியானோப் பயிற்சி ஆக்கங்களில் மத்திய ஆபிரிக்கத் தாளங்களின் செல்வாக்கு உண்டு.

ஆகவே, ஒரு கலைஞர் தனது தனி ஆற்றுகையில் இரு கண்டங்களின் இசையையும் வாசிக்கும்போது, ஆபிரிக்க ஆக்கத்தைப் புரியாணிக்கு அச்சாறுபோல ஓரத்தில் வைப்பது நியாயமன்று. சோபினுக்குப் பக்கத்திலேயே யூபாவுக்கும் இடம் வேண்டும்.

"இதனால் மரபு கெட்டுவிடும்" என்று சிலர் கூறலாம். சோபின் தம் போலந்து நாட்டின் கிராமிய நடனமான மசூர்க்காவைப் பியானோவுக்குக் கொண்டுவந்தாரே! அதனால் மரபு வளர்ந்ததே தவிரக் கெடவில்லை. யூபா செய்ததும் அதுதான்.

தோழியரே, பெற்றோரே, சற்றுச் சிந்தியுங்கள். கானாவில் பியானோ பழகும் ஒரு சிறுமி தன் ஊர்த் தாளத்தைப் பெரிய மேடையில் ஒருமுறையேனும் கேட்காவிட்டால், அதுவும் கற்கத் தகுந்தது என்று எப்படி நம்புவாள்?