அதிர்ச்சி ஆறிய பிறகு பாட்டு மிஞ்சுமா?

இந்தக் கட்டுரையின் நாயகர்கள் பெயரைச் சொன்னதும் மலர்க் குழுவில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொருவர், “வேற பேண்டே கிடைக்கலியா தம்பி?” என்றார். என்ன செய்ய, அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அதுதான்: செக்ஸ் பிஸ்டல்ஸ். கேட்டவுடன் பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டும் என்றே வைத்த பெயர். சுமார் 50 வருஷம் கழித்து நம் மலர்க் குழுவிலும் அது வேலை செய்கிறதே, பரவாயில்லை!

நண்பர்களே, என் கேள்வியும் அதைப் பற்றித்தான். ஊரை அதிர வைப்பதற்கென்றே வந்த ஒரு கூட்டம். அந்த அதிர்ச்சியெல்லாம் ஆறிப்போன பின்பு, இன்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டால் அதில் பாட்டு என்று ஏதாவது இருக்கிறதா? இல்லை, தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் பட்டாசுக் காகிதம்தானா? பாட்டு இருக்கிறது என்பது என் கட்சி. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1975, லண்டன். கிங்ஸ் ரோட்டில் மால்கம் மெக்லாரன், விவியன் வெஸ்ட்வுட் இருவரும் நடத்திய துணிக்கடையைச் சுற்றித் திரிந்த பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த குழு. கிடார் ஸ்டீவ் ஜோன்ஸ், டிரம்ஸ் பால் குக், பேஸ் கிடார் கிளென் மேட்லாக். பாட்டுக்கு ஜான் லைடன். ‘ஜானி ராட்டன்’ என்று பட்டப் பெயர். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளை. அப்போது பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் 10 லட்சத்துக்கு மேல். 1976-ல் அந்த நாடே சர்வதேச நிதியத்திடம் கடனுக்குக் கை நீட்டியது. படித்தாலும் படிக்காவிட்டாலும் வேலை இல்லை என்ற நிலையில் இருந்த பையன்களின் கோபம் அது. நமக்கு விளக்க வேண்டியதில்லை!

1976 டிசம்பர் 1-ந் தேதி சாயங்காலம், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில், பில் கிரண்டி என்பவர் நடத்திய டி.வி. பேட்டிக்கு வந்தார்கள். வர வேண்டியிருந்த ‘குயின்’ குழு வர முடியாததால் இவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. கிரண்டியும் விடாமல் சீண்டினார். ஜோன்ஸ் நேரலையிலேயே கெட்ட வார்த்தையில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அவ்வளவுதான், மறுநாள் பத்திரிகை முழுக்க இவர்கள்தான். ஒரு லாரி டிரைவர் ஆத்திரத்தில் தன் டி.வி. பெட்டியையே உதைத்து உடைத்தார் என்று எழுதினார்கள். (பாவம், டி.வி. என்ன செய்யும்?) ஊர் ஊராகக் கச்சேரிகள் ரத்து. இ.எம்.ஐ. கம்பெனி 1977 ஜனவரியில் கழற்றிவிட்டது. மார்ச்சில் ஏ அண்ட் எம் கம்பெனி அரண்மனை வாசலில் ஒப்பந்தம் போட்டு, ஒரே வாரத்தில் ரத்து செய்தது. கடைசியில் வெர்ஜின். ராணியின் வெள்ளி விழா நேரத்தில் ‘காட் சேவ் த குயின்’ என்ற பாட்டை வெளியிட்டார்கள். பி.பி.சி. தடை போட்டது. தடையோடு தடையாக விற்பனைப் பட்டியலில் 2-வது இடம். உண்மையில் முதலிடம்தான், வேண்டுமென்றே கீழே தள்ளினார்கள் என்ற சந்தேகம் இன்றும் உண்டு.

இதெல்லாம் வம்புக் கதை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வம்புக் கதை பாட்டு ஆகாது. 1977 அக்டோபரில் வந்த அவர்களுடைய ஒரே முழு ஸ்டுடியோ ஆல்பம் ‘நெவர் மைண்ட் த பொல்லாக்ஸ்’. (இந்தப் பெயருக்கும் வழக்கு நடந்தது! நாட்டிங்காமில் ஒரு ரெக்கார்டு கடையில் அட்டையை ஜன்னலில் வைத்ததற்காகக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். அந்த வார்த்தை பழைய ஆங்கிலத்தில் பாதிரியாரையும் குறிக்கும் என்று ஒரு பேராசிரியர் சாட்சி சொல்ல, வழக்கு தள்ளுபடி.) இதை நான் பல தடவை கேட்டுவிட்டேன். என் அறை நண்பன் மெக்கானிக்கல். முதல் நாள் அவன் சொன்னது: “டேய் மாப்ளே, இது பாட்டாடா? லேத்துல டூல் உடைஞ்ச மாதிரி இருக்கு!”

நிறையப் பேர் நினைப்பது இதுதான்: இவர்களுக்கு வாசிக்கவே தெரியாது, கத்தத்தான் தெரியும். இந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவர்களே அவர்கள்தான். பொய்! அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் கிறிஸ் தாமஸ். பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பத்தில் வேலை பார்த்தவர், பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைடு ஆஃப் த மூன்’ மிக்ஸிங்கில் உட்கார்ந்தவர். அப்படிப்பட்ட கை, அரைகுறை வேலையை வெளியே விடுமா?

எலக்ட்ரானிக்ஸ்காரன் என்பதால் கிடாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் லேபில் ஆம்ப்ளிஃபையருக்கு இன்புட்டை அளவுக்கு மீறிக் கொடுத்தால் சி.ஆர்.ஓ. திரையில் சைன் வேவின் தலையும் அடியும் வெட்டுப்பட்டு நிற்கும். ‘கிளிப்பிங்’ என்று ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, அது கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். ராக் கிடாரின் உயிரே அந்தக் கூடாத விஷயத்தில்தான் இருக்கிறது. வெட்டுப்பட்ட அலையில் புதுப்புது ஹார்மோனிக்ஸ் பிறக்கும். ஒரு கம்பியைத் தட்டினால் பத்துக் கம்பி பேசுகிற மாதிரி கேட்கும். ஜோன்ஸ் அதையே ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடவை பதிவு செய்து அடுக்கியிருக்கிறார். சுவர் கட்டுவது மாதிரி. பேஸ் கிடாரையும் பெரும்பாலும் அவரே வாசித்தார். மேட்லாக் 1977 பிப்ரவரியிலேயே விலகிவிட்டார். பதிலுக்கு வந்த சிட் விஷியஸுக்கு வாசிப்பு சரியாக வராது. கீழேயும் மேலேயும் ஒரே கை வாசித்ததால் அப்படி ஒரு கெட்டித்தன்மை. பின்னால் பால் குக்கின் டிரம்ஸ், அலட்டல் இல்லாமல், தாளம் அங்கே இங்கே நகராமல். அந்தச் சுவருக்கு முன்னால் லைடனின் குரல். இனிமை கிடையாது. ஒவ்வொரு வார்த்தையையும் கடித்துத் துப்புகிற குரல்.

இன்னொரு ரகசியம் மெட்டு. ‘பிரிட்டி வேகன்ட்’ பாட்டின் ஆரம்பத்துக்கு ‘அப்பா’ குழுவின் ‘எஸ்.ஓ.எஸ்.’ பாட்டுத்தான் தூண்டுதல் என்று மேட்லாக்கே சொல்லியிருக்கிறார். ஊர்ப் பெரியவர்களும் விரும்பிக் கேட்ட குழு! மேட்லாக்குக்கு பீட்டில்ஸ் பிடிக்கும், அதனால்தான் நீக்கினோம் என்று மெக்லாரன் பத்திரிகைக்குத் தந்தி கொடுத்த கதையும் உண்டு. மெட்டுப் போடத் தெரிந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டு, போஸ் கொடுக்கத் தெரிந்த ஆளைச் சேர்த்தார்கள். அதற்குப் பின் புதிதாகச் சொல்லும்படியான பாட்டுகள் ஒன்றிரண்டுதான் வந்தன. ‘ஹாலிடேஸ் இன் த சன்’ அதில் ஒன்று. பெர்லின் சுவரைப் பற்றியது. பூட்ஸ் கால்கள் அணிவகுத்து நடக்கும் சத்தத்தோடு ஆரம்பிக்கும். சுவர் 1989-லேயே விழுந்துவிட்டது, பாட்டு விழவில்லை.

எது நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிட் விஷியஸ் ஸ்வஸ்திகா சட்டை போட்டுத் திரிந்தார். நாஜி வதைமுகாமான பெல்சனை வைத்து ஒரு பாட்டே பாடினார்கள். ‘அப்பா அம்மா தலைமுறையை வெறுப்பேற்றத்தான், அரசியல் ஒன்றும் இல்லை’ என்று சப்பைக்கட்டு கட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அது ஏற்பாக இல்லை. ஆயிரக்கணக்கானோர் பட்டினியிலும் காய்ச்சலிலும் செத்த இடம் பெல்சன். லைடன் ராணியைப் பாடியபோது தன்னைவிடப் பெரிய இடத்தில் கை வைத்தார். அதற்காகத் தெருவில் அடியும் கத்திக்குத்தும் வாங்கினார். பெல்சனைப் பாடியபோது யார் மேல் கை வைத்தார்கள்? செத்தவர்கள் மேல்தானே! அந்தப் பாட்டில் வெறுப்பேற்றுவதைத் தவிர வேறு சரக்கு இல்லை.

‘பாடீஸ்’ பாட்டும் அசிங்க வார்த்தை நிறைந்ததுதான். கருக்கலைப்பைப் பற்றியது. ஆனால் அதைக் கேட்டால் உண்மையிலேயே வயிறு கலங்கும். பாடுகிறவனுக்கே எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாத தவிப்பு குரலில் இருக்கிறது. பெல்சன் பாட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் அந்தத் தவிப்புத்தான்.

1978 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ கச்சேரியோடு லைடன் விலகினார். பின்னால் நடந்ததைப் பாருங்கள். அதிர்ச்சி வித்தைக்குச் சொந்தக்காரரான மெக்லாரன் கூடவே இருந்தார். 1963 ரயில் கொள்ளைக் குற்றவாளி ரோனி பிக்ஸை பிரேசிலில் பிடித்துப் பாட வைத்தார்கள். அதைவிட அதிர்ச்சி என்ன வேண்டும்? இன்றைக்கு அந்தப் பாட்டை யாராவது ஆசையாகக் கேட்கிறார்களா? சிட் 1979 பிப்ரவரியில், 21 வயதில், ஹெராயினுக்குப் பலியானார். அவர் காதலி நான்சி அதற்கு நாலு மாதம் முன்பு நியூயார்க் ஓட்டல் அறையில் கத்திக் காயத்தோடு பிணமாகக் கிடந்தவர். அந்த சிட் முகத்தை பனியனில் அச்சடித்து விற்கிறார்கள், நம் பையன்களும் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். குழுவிலேயே குறைவாக வாசித்தவர் அவர்தான் என்று யாருக்காவது தெரியுமா?

“இப்பத்தான் அவங்களே சமரசம் ஆயிட்டாங்களே” என்று சீனியர் அண்ணன் ஒருவர் மடக்கினார். உண்மைதான். 1996-ல் பணத்துக்காகத்தான் சேருகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே ஊர் சுற்றினார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அவர்கள் பாட்டு ஒலித்தது. 2021-ல் டி.வி. தொடருக்குப் பாட்டைக் கொடுப்பதா வேண்டாமா என்று ஜோன்ஸும் குக்கும் ஒரு பக்கம், லைடன் ஒரு பக்கமாகக் கோர்ட் ஏறினார்கள், லைடன் தோற்றார். 2024-ல் லைடன் இல்லாமலே, ஃபிராங்க் கார்ட்டர் என்ற பாடகரை வைத்து மேடை ஏறினார்கள். சரி அண்ணே, இருக்கட்டும். இந்த ஆட்கள் எழுபதைத் தொடும் வயதில் என்ன செய்தாலும், இருபது வயதில் பதிவு செய்த அந்த நாற்பது நிமிடம் மாறப் போவதில்லையே.

மெக்கானிக்கல் நண்பன் இப்போது, “அந்த சுவர்ப் பாட்டைப் போடு மாப்ளே” என்கிற அளவுக்கு வந்திருக்கிறான். ‘சப்மிஷன்’ மட்டும் இரண்டு பேருக்கும் ஒட்டவில்லை, இழுவை. கேட்க நினைப்பவர்கள் ‘பிரிட்டி வேகன்ட்’டில் ஆரம்பியுங்கள், ‘பாடீஸ்’ பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் வைத்தால் வார்டன் சார் மாடி ஏறி வருவார், அவருக்கு கிளிப்பிங் பற்றி நான் விளக்க முடியாது.