பனம்பழமும் பைக் வாரண்டியும்

ஷோரூமுக்கு வெளியே பைக்கை சர்வீஸுக்கு விடுவோரை எச்சரித்துக் கிளமெண்டி அன்பர் சென்ற இதழில் எழுதியிருந்ததைப் படித்து முடித்தபோது, அது பைக் வைத்திருப்பவர்களுக்குச் சொன்ன அறிவுரையா, பைக் விற்பவர்களுக்கு எழுதிக்கொடுத்த விளம்பரமா என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை. வெளி மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தாலே வாரண்டி ‘தானாகவே’ போய்விடும் என்கிறார். யாரும் இன்ஜினைத் திறந்து பார்க்க வேண்டாம், எது எதனால் கெட்டது என்று யாரும் விசாரிக்க வேண்டாம். பழைய சினிமாக் கதாநாயகியின் கற்பைப் போல, அந்நியர் கை பட்டதுமே வாரண்டி கெட்டுவிடுமாம்.

வாரண்டி என்பது தயாரிப்பில் உள்ள குறைக்குத் தயாரித்தவர் ஏற்கும் பொறுப்பு. வாங்கியவர் செய்துகொடுக்கும் விசுவாசப் பிரமாணம் அல்ல. ஒருவர் ஆயிலை வெளியே மாற்றுகிறார், சில மாதம் கழித்து மீட்டர் இருண்டுபோகிறது. ஆயிலுக்கும் மீட்டருக்கும் என்ன உறவு என்று கேட்டால், உறவே தேவையில்லை, வெளியே போனதே போதும் என்பது அன்பரின் வாதம். காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது, ஆகவே காக்கைதான் தள்ளியது என்பதைக் காகதாலீயம் என்று பெயரிட்டு நம் தர்க்க நூலோர் எப்போதோ ஒதுக்கிவைத்துவிட்டார்கள். அன்பர் அதை எடுத்துத் துடைத்து, நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்று அடியில் ஒரு வரியும் சேர்த்து, நம்மிடமே விற்கிறார். சிலம்பை உடைத்துப் பார்க்கும் முன்பே தீர்ப்புச் சொன்ன பாண்டியனாவது, உண்மை தெரிந்ததும் உயிரை விட்டான். இவர்கள் ஒரு கேஸ்கெட்டைக்கூட விடமாட்டார்கள்.

அடுத்து, ‘உலகம் முழுக்க இதுதான் நடைமுறை’ என்கிறார். எந்த உலகம்? அவர் வசிக்கும் இந்தச் சிங்கப்பூரிலேயே போட்டித்தன்மை ஆணையம் கார் உதிரிபாகச் சந்தையை ஆராய்ந்து, 2017 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. வெளி வர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்தால் வாரண்டி ரத்து என்ற நிபந்தனை போட்டியை நசுக்குகிறது என்று ஆணையம் கவலை தெரிவித்தது; முக்கிய கார் விற்பனையாளர்கள் அந்த நிபந்தனையை நீக்க ஒப்புக்கொண்டார்கள். வெளி வர்க்‌ஷாப்பின் வேலையால் உண்டான பழுதுக்கு மட்டும் அவர்கள் வாரண்டியை மறுக்கலாம். காக்கை தள்ளியதற்குக் காக்கை பொறுப்பு, தானாக விழுந்ததற்கு மரம் பொறுப்பு. இதில் அன்பருக்கு எது புரியவில்லை?

‘அது கார், நான் பேசுவது பைக்’ என்று அவர் துள்ளுவார். துள்ளட்டும், அந்த விசாரணை கார்களைப் பற்றியது என்பது உண்மைதான். அவர் கைக்கு இன்னொரு ஆயுதத்தையும் நானே தருகிறேன்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு வாகனப் பழுதுபார்ப்பு விதி மூன்று சக்கரமும் அதற்கு மேலும் உள்ள வாகனங்களுக்கே பொருந்தும். தன் கட்சிக்கு இருக்கும் ஒரே உருப்படியான சான்றைக்கூட எதிராளிதான் எடுத்துத் தர வேண்டியிருக்கிறது என்றால், அன்பர் எதைப் படித்துவிட்டு எழுத உட்கார்ந்தார்? ஆனால் அந்த ஆயுதமும் வெகுதூரம் போகாது. 2022இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பிடித்தது எந்தக் கார் நிறுவனத்தையும் அல்ல, ஹார்லி-டேவிட்சனை. இரண்டே சக்கரம்தான், நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். வெளி ஆட்களிடம் வேலை பார்த்தாலோ வெளிப் பாகம் போட்டாலோ வாரண்டி போகாது என்று வாடிக்கையாளருக்கு எழுதியே தரும்படி ஆணையிட்டார்கள். அதற்கு அடிப்படையான வாரண்டிச் சட்டம் 1975ஆம் ஆண்டினது. இந்தியாவிலோ 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, வெளியே பழுதுபார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது என்றும் சொன்னது. இதுதான் அன்பர் கண்ட உலக நடைமுறை.

பிறகு பாதுகாப்பு என்ற பிரம்மாஸ்திரம். வெளி மெக்கானிக் கை வைத்த பைக் சாலைக்கே ஆபத்தாம். அப்படியானால் ஒரு சின்னக் கணக்கு. சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டு. வாரண்டி இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மீதி எட்டு ஆண்டும் இந்த ஊர் பைக்குகளைப் பார்த்துக்கொள்வது யார்? உணவு கொண்டுவரும் பிள்ளைகளும் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களும் எங்கே போய் நிற்கிறார்கள்? பாண்டான் லூப்பிலும் உபியிலும் காக்கி புக்கிட்டிலும் உள்ள சின்ன வர்க்‌ஷாப்புகளில். மூன்று ஆண்டு கடந்த பைக்கை நிலப் போக்குவரத்து ஆணையம் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வரச்சொல்கிறது. அங்கே பிரேக்கையும் புகையையும் பார்க்கிறார்கள்; சர்வீஸ் செய்தவர் யாருடைய சட்டை போட்டிருந்தார் என்று கேட்பதில்லை. வாரண்டி இருக்கும்வரை ஆபத்தானவரான மெக்கானிக், அது முடிந்த மறுநாள் காலையில் எப்படி ஐயா பாதுகாப்பானவர் ஆனார்?

‘ஒரிஜினல் பாகம்’ பற்றி அன்பர் உருகி எழுதியிருக்கும் பத்தியை விரைவாகவே கடந்துவிடலாம். ஜப்பானிய பைக்குகள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வருவது என்ஜிகே பிளக். ஜாலான் புசார் பக்கத்துக் கடையில் வாங்கினாலும் அதே பிளக்தான், மாறுவது உறையும் விலையும். ஆயில் விஷயம் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருப்பதால், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். அதனால்தான் கையேடு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 தரம், 10டபிள்யூ-40 என்று குறிப்பிடுகிறது. கவனியுங்கள், கையேடு கேட்பது தரத்தை. ஓடத் தொடங்கிய முதல் ஆயிரம் கிலோமீட்டரில் வடியும் ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் உலோகத் துகள் மினுமினுக்கும். அதை வடித்து, ஃபில்டரை மாற்றி, டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, டார்க் ரெஞ்சில் அளவாக முறுக்குவதற்குத் தேவை கையும் கவனமும். ஏசியும் காத்திருப்போருக்கான இலவசக் கோப்பியும் அல்ல.

அன்பர் உருப்படியாகச் சொன்னது ஒன்று உண்டு: பதிவேடு. ஷோரூம் கணினியில் எல்லாம் இருக்கும், வெளியே ஒன்றும் இருக்காது என்கிறார். பாதி உண்மை. பெயரும் முத்திரையும் இல்லாத தாளில் ‘சர்வீஸ்’ என்று கிறுக்கித் தரும் மெக்கானிக்குகள் அன்பருக்குத் தாங்களே அவல் எடுத்துக் கொடுக்கிறார்கள். தேதி, கிலோமீட்டர், ஆயிலின் தரம், ஃபில்டரின் எண், கடை முத்திரை, காலி டப்பாவின் ஒரு படம் இவ்வளவு இருந்தால் அவர் வாதத்தில் மிச்சம் என்ன? கையேட்டின் வாரண்டிப் பக்கத்தைப் படித்துவிட்டு வெளியே போங்கள் என்று அவர் எழுதியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். ஷோரூமில்தான் செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால் அது ஒப்பந்தம். அதை மறைக்க நான் விற்பனையாளன் அல்ல. ஆனால் சில நிறுவனங்களின் நிபந்தனையை நாட்டின் சட்டம் போலவும் இயற்கையின் நியதி போலவும் எழுதுவது அறியாமையா, அக்கறையா? யார் மீது அக்கறை?

ஏனென்றால் சட்டம் உண்மையில் சொல்வதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. 2012 செப்டம்பர் முதல் இங்கே நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்ததாகத்தான் கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. வாரண்டி அட்டை என்ன சொன்னாலும் இந்த உரிமை தனியே நிற்கும். ‘வழக்கு, கோர்ட் என்று யார் அலைவது’ என்று அன்பர் பயமுறுத்தி முடிக்கிறார். 20,000 வெள்ளி வரையிலான இத்தகைய தகராறுகளுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே எந்தத் தரப்பும் வழக்கறிஞரை அழைத்து வர முடியாது. பைக்காரர் தன் ரசீதுகளோடு போய் உட்காரலாம். இன்ஜினைத் திறந்து பார்த்த அறிக்கையை எதிரில் இருப்பவர் மேசையில் வைக்கட்டும்.