வெள்ளத்தின் மீது சுமத்தும் பழி

ஏதேனும் ஒரு நூல்நிலையத்தில் தீ மூண்டது என்றோ, ஆவணக் காப்பகம் ஒன்றில் வெள்ளம் புகுந்தது என்றோ செய்தி வரும்போதெல்லாம், கற்றவரும் கல்லாதவரும், அதிகாரிகளும் பொதுமக்களும் ஒரே குரலாகச் சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு: "தெய்வச் செயலுக்கு முன் மனிதப் பிரயத்தனம் என்ன செய்யும்? போனது போனதுதான்." கேட்பதற்கு ஞானியின் சொல்லாகத் தோன்றும் இந்த நம்பிக்கையைப் போல நூல்களுக்கும் ஏடுகளுக்கும் கலைப்பொருள்களுக்கும் கேடு விளைவித்த சத்துரு வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். ஆபத்து எவரும் எதிர்பாராதது என்ற பொய்யையும், அது வந்துவிட்டபின் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற பொய்யையும் அது ஒருங்கே உரைத்து, காக்கும் கடமையை ஏற்றவர்களை அக்கடமையிலிருந்து விடுவித்துவிடுகிறது.

இவ்விரண்டையும் சோதித்துப் பார்க்க இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரத்தைவிடத் தக்க உரைகல் கிடைப்பது அரிது. 1966-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி ஆர்னோ நதி கரைபுரண்டு அந்நகருக்குள் பாய்ந்தபோது, நதியோரத்திலேயே நிற்கும் மத்திய தேசிய நூலகத்தின் கீழ்த்தளங்களில் அடுக்கியிருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் பத்திரிகைத் தொகுதிகளும், சாக்கடைக் கழிவோடு, குளிர்காலத்தில் வீடுகளைச் சூடேற்றுவதற்காகச் சேமித்திருந்த எண்ணெயும் கலந்த சேற்றுக்குள் அமிழ்ந்தன. அந்த நூலகத்துக்கே மூலவித்தாக அமைந்த மக்லியாபெக்கி என்னும் அறிஞரின் தொகுதியும் அதற்குத் தப்பவில்லை. இதை எதிர்பாராத விபத்து என்று சொல்வோர், அதே நதி 1333-ஆம் ஆண்டில், அதே நவம்பர் 4-ஆம் தேதியில், அந்நகரத்துப் பாலங்களை அடித்துச் சென்ற சரித்திரத்தை மறந்து பேசுகிறார்கள். 1557-இல் அது மீண்டும் வந்தது, 1844-இலும் வந்தது. பழைய வெள்ளங்கள் எட்டிய உயரத்தைக் காட்டும் கற்பலகைகள் நகரத்துச் சுவர்களில் இன்றும் இருக்கின்றன. அவற்றை நாள்தோறும் கண்டு நடந்த ஒரு சமுதாயம், இருபதாம் நூற்றாண்டில் நூலகத்துக்கென்று புதிய கட்டடத்தை அந்த நதிக்கரையிலேயே எழுப்பி, விலைமதிப்பற்ற தொகுதிகளைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் வந்தபோது திகைத்து நின்றது என்றால், அந்தத் திகைப்புக்கு நதியை எவ்வாறு பொறுப்பாக்குவது?

வெள்ளம் வடிந்தபின் நடந்தவையோ இன்னும் கவனமாகச் சிந்திக்கத் தக்கவை. பல தேசங்களிலிருந்தும் இளைஞர்களும் இளம்பெண்களும் தாமாகவே வந்து குவிந்து, இருண்ட கீழ்த்தளங்களில் நின்று, துர்நாற்றம் தாங்காமல் முகமூடி அணிந்துகொண்டு, சேறு சொட்டும் நூல்களைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொணர்ந்தார்கள். 'சேற்றுத் தேவதூதர்கள்' என்று அந்நகரத்தார் அவர்களை இன்றளவும் நன்றியோடு நினைக்கிறார்கள்; அந்த நன்றிக்கு அவர்கள் முற்றிலும் உரியவர்களே. ஆயினும், நூலகத் தலைவர் எமானுவேலே கசமாசிமா இரவு பகலாக உழைத்தும், வெளியே வந்த லட்சக்கணக்கான ஈர நூல்களை அடுத்து என்ன செய்வது என்பதற்கு முன்கூட்டி வகுத்த முறை எதுவும் இருக்கவில்லை. இத்தனை பெரிய சேதத்துக்கு உலகத்தில் எவரும் அதுவரை பயிற்சி பெற்றிருக்கவில்லை. ஈரத்தை உறிஞ்சட்டும் என்று மரத்தூளைத் தூவினார்கள். புகையிலை உலர்த்தும் சூளைகளுக்கு நூல்களை ஏற்றி அனுப்பினார்கள். சூளையின் வெப்பத்தில் காகிதம் உலர்ந்தது மெய்யே. ஆனால் தோலட்டைகள் சுருங்கிக் கோணின, தோலில் எழுதிய ஏடுகள் முறுக்கிக்கொண்டன, சேறு பாறைபோல் இறுகிய நூல்களில் தாளோடு தாள் ஒட்டிக்கொண்டது. ஆங்கில தேசத்து நூற்கட்டுக் கலைஞர் பீட்டர் வாட்டர்ஸும் அவருடைய சகாக்களும் வந்து ஒழுங்கான முறைகளை ஏற்படுத்தியபின் பழுது நீக்கும் பணி ஒரு நிலைக்கு வந்தது. பல பத்தாண்டுகள் அது நீண்டது. அந்நீண்ட உழைப்பில் ஒரு பகுதி வெள்ளத்தின் காயத்தை ஆற்றுவதற்கும், மற்றொரு பகுதி அவசரத்தில் செய்த சிகிச்சையின் காயத்தை ஆற்றுவதற்குமாகச் செலவாயிற்று என்பதை நினைக்க நெஞ்சு பதைக்கிறது.

நனைந்த காகிதத்தின் இயல்பை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். தண்ணீரைக் குடித்த தாள் ஊதிப் பருத்து, அலமாரியையே பிளக்கும் வலிமை பெறுகிறது. இரண்டு மூன்று தினங்களுக்குள் பூசணம் பிடிக்கத் தொடங்குகிறது. நம் நாட்டு வெப்பத்திலும் புழுக்கத்திலும் அவ்வளவு அவகாசம்கூடக் கிடைக்காது. படங்கள் அச்சிடும் வழவழப்பான தாளோ சில மணி நேரத்தில் அசைக்காமல் உலர்ந்துவிட்டால் ஒரே கட்டியாகிவிடும். பிறகு அதைப் பிரிக்க வல்லவர் இல்லை. ஆனால் அதே ஈர நூலைச் சுற்றிக் கட்டிக் கடுங்குளிரில் உறையவைத்தால் அழிவு அந்தக் கணமே நின்றுவிடுகிறது. மாதங்கள் கழித்தும், காற்றை வெளியேற்றிய அறையில் வைத்து, பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகும்படி உலர்த்திக்கொள்ளலாம். இந்த ரகசியத்தை ஒரு சிலரே அறிந்திருந்த காலம் போய்விட்டது. பின்னாளில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பணிபுரிந்த அதே பீட்டர் வாட்டர்ஸ், நனைந்த நூல்களை மீட்கும் முறைகளைச் சிறு நூலாக 1975-இல் எழுதி வெளியிட்டுவிட்டார்.

அந்த அறிவின் பலனை ஜெர்மனியிலுள்ள வைமார் நகரில் காணலாம். 2004 செப்டம்பர் 2-ஆம் தேதி இரவு அன்னா அமாலியா நூலகத்தின் மேல்மாடி தீப்பற்றி எரிந்து, சுமார் 50,000 நூல்கள் சாம்பலாயின. அது ஈடுசெய்ய முடியாத நஷ்டம். ஆனால் தீயாலும் அதை அணைத்த தண்ணீராலும் சிதைந்த சுமார் 62,000 நூல்கள், காலம் தாழ்த்தாமல் லைப்சிக் நகரிலுள்ள நூற்காப்பு நிலையத்துக்குப் போய் உறைகுளிரில் அடைக்கலம் பெற்றன. புகையிலைச் சூளைக்கு எவரும் வழி கேட்கவில்லை. பிளாரன்ஸுக்கும் வைமாருக்கும் இடையிலுள்ள வேற்றுமை விதியின் கருணையால் நேர்ந்ததன்று. எங்கே கொண்டு செல்வது, எப்படிக் கட்டுவது என்பதை அறிந்தவர்கள் இருந்ததால் நேர்ந்தது.

இவ்விடத்தில், "அவை செல்வம் கொழிக்கும் தேசங்கள், நமக்கு அவ்வசதி ஏது?" என்று சிலர் கேட்பார்கள். 1988 பிப்ரவரியில் லெனின்கிராடில் விஞ்ஞானக் கழக நூலகம் எரிந்து, லட்சக்கணக்கான நூல்கள் நனைந்தபோது, நகரத்துச் சாதாரணக் குடும்பத்தார் ஈரப் புத்தகங்களைத் தத்தம் இல்லங்களுக்கு எடுத்துச் சென்று பக்கம் பக்கமாக உலர்த்தித் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குச் செல்வம் வேண்டியிருக்கவில்லை. நம்முடைய தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் மீன் வியாபாரத்துக்கென்று ஐஸ் பாக்டரிகளும் குளிர்பதனக் கிடங்குகளும் இல்லாமலா இருக்கின்றன? ஆபத்துக் காலத்தில் ஒரு மூலையை ஒதுக்கித் தர வேண்டும் என்று அவற்றின் உரிமையாளரிடம் இன்றே பேசி வைத்துக்கொள்ள ஒரு கடிதத்துக்கு மேல் என்ன செலவாகும்? பாலிதீன் விரிப்பு, பிளாஸ்டிக் கூடைகள், ஒற்றுத்தாள், கையுறை, கொடிக்கயிறு, டார்ச் விளக்கு, இவற்றை வாங்கிப் பூட்டாத அறையில் வைப்பதற்குத் தரித்திரம் தடையாக நிற்காது. இந்தச் சிறு செலவுகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போவதன் விலையை ரியோ டி ஜெனிரோ நகரத்துத் தேசிய அருங்காட்சியகம் 2018-இல் கொடுத்தது. தன் இருநூறாவது ஆண்டில், வைமார் நூலகம் எரிந்த அதே செப்டம்பர் 2-ஆம் தேதி, அது எரிந்தது. தானாக நீர் தெளிக்கும் சாதனம் அங்கே இல்லை. தீயணைப்போர் வந்து திறந்த அருகாமைக் குழாய்களில் தண்ணீரும் இல்லை.

நம் ஓலைச்சுவடிகளைப் பற்றியும், போனது போனதுதான் என்ற இந்த மூடநம்பிக்கை உலவுகிறது. அங்கேதான் இது முற்றிலும் ஆதாரமற்றது. ஓலையில் எழுத்து மை கொண்டு எழுதப்படுவதன்று, எழுத்தாணியால் கீறப்படுவது. மேலே தடவிய கரி தண்ணீரில் கரைந்துபோனாலும் கீறல் நிற்கும்; மறுபடி எண்ணெயில் குழைத்த கரியைத் தடவினால் எழுத்துப் புலனாகும். நனைந்த சுவடியின் கயிற்றைத் தளர்த்தி, ஏடுகளைப் பொறுமையாகப் பிரித்து, ஒற்றுத்தாளின் மேல் நிழலில் காற்றாட விட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அன்பின் மிகுதியால் வெயிலில் காயவைப்பவரே அதை முறுக்கிப் பிளக்கச் செய்கிறார். ஏடு சிதைந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று கருதிய மனப்பான்மை நம்மிடையே எவ்வளவு பழமையானது என்பதற்கு, கரிவலம்வந்தநல்லூரில் பழஞ்சுவடிகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்ட செய்தியைக் கேட்டு உ.வே. சாமிநாதையர் மனம் வெந்து எழுதியிருப்பதே சான்று. அந்தத் தீயை மூட்டியது எந்த இயற்கைச் சீற்றமும் அன்று.

அண்மைக் காலத்தில் இதே சோம்பல் புதிய வேஷம் தரித்து வருகிறது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாயிற்று, இனி மூலம் போனாலும் பாதகமில்லை என்கிறார்கள். பிரதி எடுப்பது மிக நல்ல காரியம். ஆனால் பிரதிகளைத் தாங்கிய பெட்டி அதே கட்டடத்தில், அதே கீழ்த்தளத்தில் இருந்தால் இரண்டும் ஒரே வெள்ளத்தில் போகும். மேலும், காகிதத்தின் நீர்க்குறியையும், நூற்கட்டின் தையலையும், ஓரத்தில் ஒரு வாசகர் அழுத்தி எழுதிய குறிப்பின் ஆழத்தையும் எந்தப் படமும் முழுமையாகக் காட்டாது.

போரிலும் வன்முறையிலும் பயிற்சி என்ன செய்யும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் மனிதர் மூட்டிய தீக்கு இரையான கொடுமையை எந்த ஒத்திகையும் தடுத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அதன் பழி முழுவதும் தீ வைத்தவரையே சாரும். எனினும் மாலி தேசத்துத் திம்புக்துவில் 2012-இல் ஆயுதக் குழுவினர் நகரைக் கைப்பற்றியபோது, அப்துல் காதர் ஹைதாராவும் அவருடைய தோழர்களும் லட்சக்கணக்கான அரபுக் கையெழுத்துப் பிரதிகளை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, சிறுகச் சிறுகத் தலைநகர் பமாகோவுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். எதை முதலில் எடுப்பது, எவரிடம் ஒப்படைப்பது என்ற தெளிவு கொண்டவர்களாலேயே அது கைகூடிற்று.

ஆகவே பயிற்சி என்று நான் சொல்வது, பண்டிதர்கள் மண்டபத்தில் அமர்ந்து கேட்கும் பிரசங்கத்தையன்று. இரவில் கட்டடத்தில் இருப்பவர் காவற்காரர். மழைநீர்க் குழாய் அடைபட்டிருப்பதை முதலில் காண்பவர் துப்புரவுப் பணியாளர். தேய்ந்த மின்கம்பியை அறிந்தவர் எலெக்ட்ரீஷியன். இவர்களை விட்டுவிட்டு நூலகருக்கு மட்டும் சான்றிதழ் கொடுப்பதால் பிரயோஜனமில்லை. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எந்த அலமாரி முதலில் வெளியேற வேண்டும், சாவி யாரிடம் இருக்கிறது என்பதை இவர்கள் ஒவ்வொருவரும் இருட்டிலும் சொல்ல வேண்டும். பழைய நூல்களை வேண்டுமென்றே நனைத்து, அவற்றை மூடிய நிலையிலேயே கழுவவும், சுற்றவும், கூடையில் முதுகு கீழாக அடுக்கவும் கைகள் பழக வேண்டும். முதன்மைப் பட்டியலின் பிரதி ஒன்று தீயணைப்பு நிலையத்திலும் இன்னொன்று வேற்றூரிலும் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மத்தியில் தொடங்கிவிடுகிறது; ஆதலால் இந்த ஒத்திகையை ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் முடித்து, கீழ்த்தட்டில் இருப்பவற்றைத் தரையிலிருந்து ஒரு சாணாவது உயர்த்தி, கூரையின் வடிகாலைத் துப்புரவு செய்து, அவ்வாறு செய்ததைப் பதிவேட்டில் குறித்துக் கையொப்பமிட வேண்டிய பொறுப்பைப் பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒவ்வொரு நூல்நிலையத்தின் நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.