எண்கள் எப்போது பேசும்?

(மூன்றாமாண்டு பி.எஸ்ஸி. கணிதம்)



எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது நம் மரபு. அக்கண்ணைப் பாதி திறந்து, பாதி மூடி நடப்பவன் பள்ளத்தில் விழுவான் என்பதற்கு என் வகுப்புத் தோழன் ஒருவனே சான்றாகிவிட்டான். அவன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இக்கட்டுரையை எழுத அவன் இசைவு தந்திருக்கிறான், அது போதும்.

அவன் நன்னிலம் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவன். தந்தையார் குத்தகைக்கு ஆறு மா நிலம் பயிரிடுகிறவர். கால்பந்து என்றால் இவனுக்கு உயிர். இங்கிலாந்து நாட்டுக் கழகங்களின் ஆட்டங்களை இரவெல்லாம் கைபேசியில் பார்ப்பான். 2025ஆம் ஆண்டின் முற்பகுதியில், பணம் கட்டி ஆடும் கற்பனைக் கால்பந்தில் இறங்கினான். முதலில் இருபது ரூபாய், பிறகு ஐம்பது, பிறகு நூறு. பருவத் தேர்வுக் கட்டணத்துக்கென்று வீட்டில் கொடுத்த பணமும் ஒரே வாரத்தில் அதிலேயே கரைந்தது. தாயார் தோட்டை அடகு வைத்துத்தான் கட்டணம் கட்டினார்.

“ஏண்டா இப்படிச் செஞ்சே?” என்று கேட்டேன்.

“நான் என்ன கண்ண மூடிக்கிட்டா ஆடுனேன்? கணக்குப் போட்டுத்தானடா ஆடுனேன்!” என்று சொல்லி ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினான்.

பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வீரரும் ஆடிய நிமிடங்கள், போட்ட கோல்கள், எதிரணியின் வலிமை, சராசரி ஆகிய அனைத்தும் கட்டம் கட்டமாக எழுதப்பட்டிருந்தன. ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிபார்த்தேன். கணக்கில் பிழையே இல்லை! அப்படியானால் பிழை எங்கே இருந்தது? அதைத் தேடிய கதைதான் இது.

முதலில், இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். உண்மையான வீரர்களைக் கொண்டு தாளில் ஓர் அணியை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். மைதானத்தில் அவர்கள் செய்வதற்கேற்ப நமக்குப் புள்ளிகள் சேரும். 1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓக்லண்டு நகரைச் சேர்ந்த பில் விங்கன்பாக் என்பவரும் அவர் நண்பர்களும் அந்நாட்டுக் கால்பந்தை வைத்துத் தாளும் பென்சிலுமாகத் தொடங்கியது இது. நாம் அறிந்த கால்பந்தில், இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2002 முதல் இதனை இலவசமாக நடத்திவருகிறது. இன்று உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் அணி வைத்திருக்கிறார்கள்.

அதன் விதிகளைப் பாருங்கள். கையில் 100 மில்லியன் பவுன் கற்பனைப் பணம். அதற்குள் 15 வீரர்களை வாங்க வேண்டும்: கோல்கீப்பர் 2, பின்கள வீரர் 5, நடுக்கள வீரர் 5, முன்கள வீரர் 3. ஒரே கழகத்திலிருந்து மூவருக்கு மேல் கூடாது. முன்கள வீரர் கோல் போட்டால் 4 புள்ளி. நடுக்கள வீரருக்கு 5. பின்கள வீரருக்கு 6. கோலுக்கு வழி அமைத்துக் கொடுத்தவருக்கு 3. எதிரணியைக் கோல் போட விடாமல் காத்தால் கோல்கீப்பருக்கும் பின்கள வீரருக்கும் 4. மஞ்சள் அட்டைக்கு ஒன்று குறையும். சிவப்புக்கு மூன்று குறையும். தலைவராக நாம் குறித்தவரின் புள்ளி இரட்டிக்கும்.

கணித மாணவர்களுக்கு இதைப் பார்த்ததும் நாவூறும்! வரம்புகளுக்கு உட்பட்டுப் பயனைப் பெருக்கு என்னும் நேரியல் திட்டமிடல் கணக்கு அன்றோ இது? ஒரு வீரரின் விலைக்கு எத்தனை புள்ளி கிடைக்கிறது என்று வகுத்துப் பார்ப்பது, கோல் எண்ணிக்கையை மட்டும் பாராமல் அவருக்கு எத்தனை நல்ல வாய்ப்புகள் வாய்த்தன என்று பார்ப்பது, அடுத்த ஐந்து எதிரணிகள் யாவை என்று பார்ப்பது என இவை யாவும் நல்ல பயிற்சிகள். என் தோழன் இவற்றையெல்லாம் செய்திருந்தான்.

ஆயினும் தோற்றான். ஏன்?

ஆட்டத்துக்குச் சராசரியாக 0.5 கோல் போடும் ஒரு வீரரை எடுத்துக்கொள்வோம். மிகச் சிறந்த வீரர்தான்; 38 ஆட்டங்களில் 19 கோல் என்பது எளிதா? ஆனால், நாம் வகுப்பில் படித்த பாய்சான் பரவலின்படி, ஓர் ஆட்டத்தில் அவர் கோலே போடாமல் வெளியேறும் நிகழ்தகவு 0.61. அதாவது 100 ஆட்டங்களில் 61இல் அவர் வெறுங்கையோடு திரும்புவார்.

இவரோடு, ஆட்டத்துக்கு 0.4 கோல் போடும் இன்னொருவரை ஒப்பிடுவோம். முதலாமவரே மேலானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே நாள் ஆட்டத்தில் என்ன ஆகும்? நான் கணக்கிட்டுப் பார்த்தேன். இருவர் ஆட்டங்களையும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், 100க்கு 49 முறை இருவரும் சமமாக முடிப்பார்கள். 29 முறை முதலாமவர் முந்துவார். 22 முறை இரண்டாமவரே முந்துவார்! மேலானவரைத் தேடிப் பிடித்ததற்குக் கிடைத்த ஆதாயம் நூற்றுக்கு ஏழுதான். இதையே 38 ஆட்டங்கள் கொண்ட முழுப் பருவத்துக்குக் கணக்கிட்டால், 100க்கு ஏறத்தாழ 71 முறை முதலாமவர் முந்துகிறார். 23 முறை மட்டுமே பின்தங்குகிறார். ஆதாயம் ஏழிலிருந்து நாற்பத்தெட்டாகிறது. வீரர்கள் மாறவில்லை, நோட்டுப் புத்தகமும் மாறவில்லை. பொறுத்திருந்த காலம்தான் மாறியது.

பிழை இங்கேதான் இருந்தது, நண்பர்களே! நெடுநாளைக்குப் பேசும் எண்களை ஒரே இரவில் பேசச் சொன்னான் என் தோழன். யாக்கோபு பெர்னூலியின் நூல் 1713இல் வெளிவந்தபோதே உலகுக்குத் தெரிந்த உண்மை இது: முயற்சிகள் பெருகப் பெருகத்தான் சராசரி தன் உண்மை மதிப்பை நெருங்கும்.

இதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. சம்பா அறுவடைக் காலத்தில் நம் ஊர் வயல்களில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம் அளந்து கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, நெல்லை எடை போடுவார்கள். அது ஒரு எக்டேரில் 400இல் ஒரு பங்கு. பயிர்க் காப்பீட்டு இழப்பீடு அந்த எடையைப் பொறுத்ததாகையால் வரப்பில் நிற்கும் விவசாயியின் நெஞ்சு படபடக்கிறது. கயிறு மேட்டுப் பக்கம் விழுந்தால் ஒரு கணக்கு. வடிகால் அடைத்துத் தண்ணீர் நின்ற பள்ளத்தில் விழுந்தால் வேறொரு கணக்கு. ஆகவேதான் ஒரே வயலை வைத்து ஊரின் விளைச்சலைச் சொல்லிவிடாமல், சமவாய்ப்பு எண்களைக் கொண்டு பல வயல்களைத் தேர்ந்து சராசரி காண்கிறார்கள். 1940களில் மகலனோபிசும் சுகாத்மேயும் நம் நாட்டில் வளர்த்தெடுத்த முறை இது. ஒரு கயிற்றுச் சதுரத்தை நம்பி ஊர்க் கணக்கை முடித்தால் நாம் சும்மா இருப்போமா? இருக்க மாட்டோம். ஆனால் ஒரு நாள் ஆட்டத்தை நம்பித் தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிடுகிறோம்!

பண ஆட்டத்தில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, நூறு பேர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டுகிறார்கள் என்போம், மொத்தம் 5,000. நடத்துபவர் 750 ரூபாயை எடுத்துக்கொண்டு மீதி 4,250ஐப் பரிசாகப் பகிர்கிறார். ஆளுக்குச் சராசரியாகத் திரும்புவது 42 ரூபாய் 50 காசு. நூறு பேரும் மேதைகளாயினும் இந்தச் சராசரி ஒரு காசும் உயராது. நிற்காமல் ஆடினால் யாரோ சிலர் வெல்வர். கூட்டமாக நாம் தோற்றே தீர்வோம். நெடுநாள் ஆடினால் எண்கள் பேசும் என்றேனே. இங்கும் அவை பேசும், நடத்துபவர் பக்கம்!

“இது திறமை ஆட்டம் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே!” என்பான் என் தோழன். உண்மைதான். 2017ஆம் ஆண்டு பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றம், ட்ரீம்11 நடத்திய ஆட்டத்தில் திறமையே மேலோங்குகிறது என்று கூறியது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை விதித்தது. ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதைத் தொடர்ந்து பெரிய நிறுவனங்கள் பணப் போட்டிகளை நிறுத்தின. சட்டத்தைப் பற்றி வாதிட நான் வழக்குரைஞன் அல்லன். கணித மாணவனாக ஒன்று மட்டும் சொல்வேன்: “திறமை இருக்கிறதா?” என்பது பாதிக் கேள்விதான். “அந்தத் திறமை வெளிப்பட எத்தனை ஆட்டங்கள் வேண்டும்? அதுவரை என் பை தாங்குமா?” என்பதே மீதிப் பாதி. சட்டம் கதவைச் சாத்தினாலும் சன்னல்கள் திறக்கும். இந்த மீதிக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவனை எந்தச் சன்னலும் இழுக்காது.

அப்படியானால் கற்பனை அணியையே கைவிட வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. பணத்தை விலக்கிவிட்டால் இதைவிடச் சுவையான புள்ளியியல் பாடம் இல்லை. “காசு இல்லாத ஆட்டத்தில் சுவை ஏது?” என்று கேட்பவர்களைக் கேட்கிறேன்: அறுவடை முடிந்த வயலில் மாலை இருட்டும்வரை சடுகுடு ஆடினோமே, யார் காசு கட்டினார்கள்?

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியில் துறைகளுக்கிடையே நடக்கும் கால்பந்து, கபடி ஆட்டங்களுக்குக் கணித மாணவர்கள் குறிப்பேடு வைக்கட்டும். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறையும் ஒரு தாள் அணியை அமைக்கட்டும். ஆண்டு முழுவதும் புள்ளி சேரட்டும். முதலாவதாக வரும் அணிக்கு ஒரு நல்ல நூல் பரிசு. புள்ளி விதிகளையும் நாமே கூடிப் பேசி வகுப்போம். பந்தைத் தடுத்துத் தடுத்தே களைத்துப்போகும் பின்கள வீரனுக்கு மதிப்பு என்ன? பிரீமியர் லீக் ஆட்டமே 2025–26 பருவத்தில்தான், ஓர் ஆட்டத்தில் பத்துத் தற்காப்புச் செயல்கள் செய்த பின்கள வீரருக்கு 2 புள்ளி என்று விதி சேர்த்தது. அளவுகோல் வானத்திலிருந்து விழுவதில்லை; மனிதர் செய்வது. அதைச் செய்து பார்த்தவனே பிறர் நீட்டும் அளவுகோலையும் கேள்வி கேட்பான்.

என் தோழன் பணம் கட்டி ஆடுவதை விட்டுவிட்டான். தாயாரின் தோடு சம்பா நெல் விற்றபின் மீண்டது. இலவச ஆட்டத்தில் நானும் அவனும் ஆளுக்கோர் அணி வைத்திருக்கிறோம். அதே நோட்டுப் புத்தகம், அதே கட்டங்கள். ஒரு வாரம் தோற்றால் இப்போது அவன் முகம் வாடுவதில்லை. “இருடா, இன்னும் பதினெட்டுச் சுற்று இருக்கு” என்கிறான்.

இருபது சுற்றுகளின் முடிவில் அவன்தான் என்னைவிட முன்னால் நிற்கிறான். அவன் கணக்கில் பிழையில்லை என்று அன்றே சொன்னேன் அல்லவா?