காப்பாற்றியவர் யார்?

அமெரிக்கர்கள் விசித்திரமான ஜனங்கள். பந்தாட்டத்தைப் பார்ப்பதோடு அவர்களுக்குத் திருப்தி உண்டாவதில்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே ஆளுக்கொரு கோஷ்டியை நிர்வாகமும் செய்தாக வேண்டும். இதற்குப் 'பாண்டஸி பேஸ்பால்' என்று பெயர். 1980-ஆம் வருஷத்தில் டேனியல் ஓக்ரெண்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய சிநேகிதர்களும் நியூயார்க் நகரில் இதற்கு ஒரு சட்டதிட்டம் வகுத்தார்கள். அவர்கள் கூடிய போஜனசாலையின் பெயரைக் கொண்டு, 'ரோட்டிஸரி' என்ற பெயரும் இதற்கு நிலைத்துவிட்டது.

ஏற்பாடு எளியது. 260 டாலர் வரம்புக்குள் 23 ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுப்பது வழக்கம். அவர்கள் மெய்யான மைதானத்தில் செய்வதெல்லாம் எடுத்தவர் கணக்கில் ஏறும். இப்போது பெரும்பாலும் பத்து இனங்களில் கணக்குப் பார்க்கிறார்கள்: மட்டைக்கு ஐந்து, பந்துவீச்சுக்கு ஐந்து. பின்னதில் ஒன்றான 'சேவ்' என்பதுதான் வீட்டு நிர்வாகிகளின் தூக்கத்தைக் கெடுப்பது.

நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டில், பந்து வீசிக் களைத்தவர் சற்று நேரம் எல்லைக்கோட்டருகே நின்றுவிட்டு மறுபடியும் வந்து வீசலாம். பேஸ்பாலில் ஆட்டத்தை விட்டு நீக்கப்பட்டவர் அன்று திரும்ப முடியாது. ஆகையால், முதல் பிட்சர் ஓய்ந்ததும் மாற்றுப் பிட்சர்கள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். இவர்களுடைய திறமையை அளக்க முற்காலத்தில் சரியான கோல் இல்லை. 1959-இல் பிட்ஸ்பர்க் கோஷ்டியின் மாற்றுப் பிட்சரான எல்ராய் ஃபேஸ் பெயரில் 18 வெற்றிகளும் ஒரே தோல்வியும் பதிவாயின. அவ்வெற்றிகளில் சில, முன்னிலையை அவரே நழுவவிட்டு, பிறகு சகாக்களின் மட்டை வலிமையால் கிடைத்தவை! இது நியாயமாகப் படாததால், சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் 'சேவ்' என்ற புதுக் கணக்கை ஏற்படுத்தினார். 1969-இல் அது அதிகாரபூர்வமாயிற்று.

ஜயிக்கும் கோஷ்டிக்குக் கடைசியாகப் பந்து வீசி ஆட்டத்தை முடித்தவருக்கே சேவ். அந்த ஆட்டத்தின் வெற்றி அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கக் கூடாது. சாதாரணமாக, மூன்று ஓட்டங்களுக்கு மேற்படாத முன்னிலையில் வந்து, ஓர் இன்னிங்ஸாவது அவர் வீச வேண்டும். வேறு வழிகளும் உண்டென்றாலும், பெரும்பாலும் சேவ் கிடைப்பது இவ்வாறே.

வேடிக்கையைப் பாருங்கள். எட்டாவது இன்னிங்ஸில் ஒரே ஓட்டம் முன்னிலை. எதிரிகளில் மகா வல்லவர்களான மூவர் மட்டையுடன் வருகிறார்கள். அவர்களை அடக்கியவருக்குச் சேவ் இல்லை. பின்பு முன்னிலை மூன்று ஓட்டமாக உயர்ந்து, ஒன்பதாவதில் பலவீனமான மூவரைச் சமாளித்தவருக்குச் சேவ் உண்டு. உழுதவன் ஒருவன், களத்துமேட்டில் மரக்கால் பிடித்தவன் பெயரில் விளைச்சல்!

ஆகவே, சேவ் என்பது ஆளின் சம்பாத்தியம் மட்டுமன்று; ஸ்தானத்தின் வருமானமும் ஆகும். இதை உணர்ந்தவரே பருவத்தை நல்ல முறையில் நடத்துவார். கோஷ்டிகள் முப்பது; 'குளோஸர்' எனப்படும் கடைசிப் பிட்சர்களும் ஏறக்குறைய முப்பது பேரே. 162 ஆட்டங்கள் கொண்ட நெடும் பருவத்தில், கைவலி வந்தாலோ, நாலு நாள் தொடர்ந்து தடுமாறினாலோ, ஸ்தானம் கைமாறிவிடும். 652 சேவ்களுடன் 2013-இல் ஓய்வு பெற்ற மரியானோ ரிவேராவைப் போல் நிலைத்தவர்கள் மிகச் சிலர். எனவே, ஏலத்தில் குளோஸருக்குப் பணத்தை வாரி இறைப்பது விவேகமன்று. எட்டாவது இன்னிங்ஸில் யாரை நம்பி அனுப்புகிறார்கள் என்று கவனித்து, அவரை மலிவாக எடுத்து வைத்துக்கொள்வது மேல். ஸ்தானம் கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. ஓர் இன்னிங்ஸுக்கு எத்தனை பேரைத் தளமேற விட்டார் என்ற விகிதக் கணக்கில் அவர் உதவுவார். அந்த விகிதத்தை ஏற்படுத்தியவரும் ஓக்ரெண்டே. பருவத்தின் பிற்பாதியில் சேவ் இனத்தில் வெகுதூரம் முந்தியிருந்தால், மிகுந்த குளோஸரைக் கொடுத்துத் தேவையான வேறொருவரைப் பெறலாம். வேண்டியது வரிசையில் இடமே, குவியலால் பயனில்லை.

இந்தக் கணக்கு மெய்யான மைதானத்தையும் ஆட்டிவைக்கிறது என்பதே கவலைக்குரிய விஷயம். 2016-இல் பால்டிமோர் கோஷ்டியின் ஸாக் பிரிட்டனுக்கு 47 சேவ் சந்தர்ப்பங்கள் கிட்டின. 47-லும் அவர் தவறவில்லை. அவ்வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி டொரான்டோவில், தோற்றால் பருவமே முடிந்துவிடும் என்ற ஆட்டம். இரண்டுக்கு இரண்டு என்ற சமநிலை பதினோராவது இன்னிங்ஸ் வரை நீண்டது. ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களை அனுப்பிய நிர்வாகி பக் ஷோவால்டர், பிரிட்டனை அழைக்கவே இல்லை. எட்வின் என்கார்னாசியோன் ஒரே அடியில் மூன்று ஓட்டம் எடுத்து ஆட்டத்தை முடித்தார். காப்பதற்கு முன்னிலை வரட்டும் என்று வைத்திருந்த கைகாரர், ஒரு பந்துகூட வீசாமல் ஊர் திரும்பினார்.

பள்ளிக்கூடத்தில் பணி புரியும் நமக்கு இது ஆச்சரியமாகத் தோன்றவில்லை. எந்தப் பாடத்துக்கு மார்க்கு உண்டோ அதையே மாணவன் படிக்கிறான். நாளடைவில் உபாத்தியாயரும் அதையே போதிக்கிறார். கவனிக்கப்படாத தொழிலாளிக்கு நியாயம் செய்யவே ஹோல்ட்ஸ்மன் கணக்கிட்டார். அக்கணக்கே அவனுக்கு முன்னால் உழைத்த இன்னொருவனை மறைத்துவிட்டது. எட்டாம் இன்னிங்ஸ்காரர்களுக்கென்று 'ஹோல்ட்' என்ற கணக்கும் உண்டு. சில குழுக்கள் அதையும் சேவுடன் கூட்டிக்கொள்கின்றன. எல்லோரும் அவ்வாறே செய்வது நலம் என்பது நமது அபிப்பிராயம். ஆட்டத்தின் சுவாரஸ்யம் அதனால் குறையாது. நியாயம் சற்றுக் கூடும்.