ஆல் சீசனாம், ஆல் சீசன்!



தலைநகர் பக்கம் இருக்கிற நம்ம தமிழ்க் குடும்பங்கள் கார் வாங்குறதைப் பார்த்தா மெய்சிலிர்க்கும். ஆறு மாசம் ஆராய்ச்சி, மூணு ஷோரூம், நாலு டெஸ்ட் டிரைவ். கடைசியில ஒரு ஸ்விஃப்டோ, ஐ20 என் லைனோ, செகண்ட் ஹேண்ட்ல ஒரு போலோ ஜிடியோ வீட்டுக்கு வரும். "குடும்ப வண்டிதான், ஆனா கொஞ்சம் துடிப்பா இருக்கணும்ல" அப்படின்னு ஒரு விளக்கம் வேற :-)

அதே ஆளு டயர் மாத்துற அழகைப் பாருங்க. ஞாயித்துக்கிழமை மலை மந்திர்ல முருகனைக் கும்பிட்டுட்டு வர்ற வழியில கண்ல பட்ட கடை. அரை மணி நேரம். "என்ன டயர் இருக்கு?" "சர் ஜி, ஆல் சீசன் ஹை. ஏக்தம் படியா." "சரி, போடு." முடிஞ்சது ஆராய்ச்சி.

அந்த ரெண்டு வார்த்தையைத்தான் இன்னிக்கு ஒரு பிடி பிடிக்கப் போறேன்.

வார்த்தை எங்கேருந்து வந்தது?

குளிர் நாடுகள்ல டயர் மூணு வகை. கோடை டயர், பனிக்கால டயர், ரெண்டுக்கும் நடுவில ஆல் சீசன். வித்தியாசம் ரப்பர்லயும் பட்டன் வெட்டுலயும் இருக்கு. குளிர் ஏழு டிகிரிக்குக் கீழே போனா கோடை டயரோட ரப்பர் விறைச்சுப் போய் பிடிப்பு குறையும். பனிக்கால டயர் அப்பவும் இளக்கமா இருக்கும், ஆனா வெயில்ல வெண்ணெய் மாதிரி தேயும். வருஷத்துக்கு ரெண்டு தடவை டயர் மாத்த முடியாதவங்களுக்காக வந்த சமரசம்தான் ஆல் சீசன்.

இப்ப தில்லிக்கு வாங்க. மே மாசம் 45 டிகிரி, ஜூலையில கொட்டுற மழை, ஜனவரி விடியக்காலை நாலஞ்சு டிகிரியும் மூடுபனியும். கேட்டா மூணு சீசனும் இங்க இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா ஜனவரியிலயும் பகல்ல ஏழு டிகிரிக்கு மேலதான். ரோட்டுல பனி உறையறதும் கிடையாது. நம்ம ஊர்க் கடையில இந்த மாதிரி கார்களுக்கு வழக்கமா தொங்குற டயர் எல்லாமே வெயிலுக்கும் மழைக்கும் செஞ்சதுதான். அதுல ஒண்ணைக் காட்டி "ஆல் சீசன்"னு சொல்றது, இட்லிக்கடையில "எங்க இட்லி வெஜிடேரியன்"னு போர்டு வைக்கிற மாதிரி. பொய் இல்லை. ஆனா அதை வெச்சு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

நியூஜெர்சி மச்சான் புராணம்

எல்லா வீட்டுலயும் ஒரு மச்சான் அமெரிக்காவுல இருப்பார். "மாப்ள, ஆல் சீசன் வாங்கு, ட்ரெட்வேர் 500க்கு மேல இருக்கணும்" அப்படின்னு வாட்ஸப்புல அருள்வாக்கு வரும். மச்சான் ஊருக்கு அது சரிதான். அங்க பனி கொட்டுது, வருஷத்துக்கு இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுறார்.

அந்த ட்ரெட்வேர் எண்ணைத் தர்றது அரசாங்கம் இல்லை. அமெரிக்க விதிப்படி டயர் கம்பெனி தானே சோதிச்சு தானே போட்டுக்கிற மார்க் அது. ஒரு கம்பெனியோட 500ஐ இன்னொரு கம்பெனியோட 400ஓட ஒப்பிடறது, ரெண்டு வேற பள்ளிக்கூடத்து அரையாண்டுப் பரீட்சை மார்க்கை ஒப்பிடற கதைதான். பக்கத்துலயே டிராக்‌ஷன்னு ஒரு எழுத்து இருக்கும். ஈரத்துல நேரா பிரேக் பிடிக்கிற சோதனை மட்டும்தான் அது, வளைவைப் பத்திப் பேசாது. மூணாவதா டெம்பரேச்சர் எழுத்து. நம்ம வெயிலுக்கு அதுலதான் "ஏ" இருக்கான்னு பார்க்கணும். மச்சான் அதை மட்டும் சொல்ல மாட்டார் :-)

மணாலி போற மகாராஜாக்களே

டிசம்பர் லீவுல குழந்தைகளுக்குப் பனி காட்டணும்னு ஆசை. அடல் சுரங்கம் 2020 அக்டோபர்ல திறந்ததுலேருந்து லாஹுல் வரைக்கும் போற ஆசை. "டயர் ஆல் சீசன்தானே, சமாளிச்சிடும்" அப்படின்னு ஒருத்தர் சொன்னதைக் காதால கேட்டேன். பின் சீட்டுல ரெண்டு குழந்தைங்க, ஒரு பாட்டி.

டயர் ஓரத்துல "எம் ப்ளஸ் எஸ்"னு போட்டிருந்தா அது சேறு, பனி ரெண்டுக்கும்னு கம்பெனி சொல்லிக்கிற பேச்சு. பனியில ஓட்டிப் பார்த்து வாங்கின முத்திரை இல்லை. நிஜமாவே பனியில சோதிச்ச டயர்ல மூணு சிகரம் உள்ள மலையும் அதுக்குள்ள ஒரு பனித்துகளும் படமா இருக்கும். நம்ம கடையில விக்கிற சாதாரண டயர்ல அதைத் தேடினாலும் கிடைக்காது. மலைப் பாதையில நிழல் விழற திருப்பங்கள்ல தார் மேல கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கும். அதுல ஆல் சீசனும் ஒண்ணுதான், பாட்டா செருப்பும் ஒண்ணுதான். மணாலியில வண்டியை நிறுத்திட்டு, சங்கிலி மாட்டின உள்ளூர் வண்டியை வாடகைக்கு எடுங்க. கௌரவம் ஒண்ணும் குறையாது.

அறுபதாயிரம் கிலோமீட்டர் மோகம்

இதுதான் நம்மாளுங்களோட பெரிய வியாதி. "எந்த டயர் ரொம்ப நாள் உழைக்கும்?" பஜாஜ் ஸ்கூட்டர் காலத்துல அப்பா கேட்ட அதே கேள்வி. அன்னிக்கு அதுல நியாயம் இருந்தது.

இன்னிக்குக் கணக்குப் போடுங்க. ஆபீசுக்கு மெட்ரோ. வண்டி வார இறுதிக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கும்தான். வருஷம் எட்டாயிரம் கிலோமீட்டர். அறுபதாயிரம் ஓடித் தீர ஏழரை வருஷம் ஆகும். (ஏழரைன்னதும் யார் ஞாபகம் வருதுன்னு சொல்ல வேண்டாம்!) ஏழரை வருஷம் தில்லி வெயில்ல மொட்டை வெளியில நிக்கிற ரப்பர் என்ன ஆகும்? பட்டன் அப்படியே இருக்கும், ஓரத்துல மெல்லிசா வெடிப்பு ஓடும், ஈரத்துல வழுக்கும். ஆக, ஆயுசுக்குன்னு காசு குடுத்து, அந்த ஆயுசை அனுபவிக்காமலே தூக்கிப் போடப் போறீங்க.

ஆயுசு சும்மா வர்றதில்லை. பொதுவா, ரொம்ப நாள் உழைக்கிறதுக்காகச் செஞ்ச ரப்பர் ஈரத்துல பிடிக்கிறதைக் கொஞ்சம் விட்டுக் குடுத்துத்தான் அந்த உழைப்பைத் தருது. நல்ல கம்பெனிகள் இந்தச் சமரசத்தைக் கெட்டிக்காரத்தனமா செய்யும், ஆனா முழுசா ஏமாத்த முடியாது. தினம் நூறு கிலோமீட்டர் ஓடுற டாக்ஸிக்காரர் ஆயுசைப் பார்க்கட்டும், அவருக்கு அது பொழப்பு. துடிப்பான வண்டி வேணும்னு தேடி வாங்கின நீங்க, குறைவா ஓட்டுற நீங்க, ஈரப் பிடிப்பைத்தான் முதல்ல கேட்கணும்.

இன்னொண்ணு. "எம்ஆர்எஃப் நம்ம ஊரு, சச்சின் பேட்லயே இருந்துச்சு" அப்படின்னு சொல்றவங்க இருக்காங்க. ஊர்ப் பாசம்னா மிஷலினும் திருவள்ளூர் மாவட்டத்துல டயர் செய்யுது, அப்பல்லோ ஒரகடத்துல செய்யுது. பேட்ல ஒட்டின ஸ்டிக்கரைப் பார்த்து டயர் வாங்காதீங்க. ஒரே கம்பெனி உழைப்புக்கு ஒரு மாடல், மைலேஜுக்கு ஒண்ணு, பிடிப்புக்கு ஒண்ணுன்னு செய்யுது. கம்பெனியைப் பார்க்காதீங்க, மாடலைப் பாருங்க.

அகலமாப் போட்டா கெத்தா?

அடுத்த கூத்து அப்சைஸ். ஸ்விஃப்டோட மேல் மாடலுக்குக் கம்பெனி குடுக்கிறது 185/65 ஆர்15. அதாவது 185 மில்லிமீட்டர் அகலம், அந்த அகலத்துல 65 சதவீதம் பக்கச் சுவர் உயரம், 15 அங்குல ரிம். இதை எடுத்துட்டு 16 அங்குல அலாயும் 195/55ம் போடுறாங்க. மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதேதான், ஒத்துக்கிறேன். ஆனா பக்கச் சுவர் 120 மில்லியிலேருந்து 107 மில்லியா குறையுது. குர்கான் சர்வீஸ் ரோட்டுப் பள்ளத்துல அந்த 13 மில்லிதான் ரிம்மையும் உங்க முதுகையும் காப்பாத்திக்கிட்டு இருந்தது. மழையில அகலமான டயர் அதிகத் தண்ணியைத் தள்ளணும், அதனால தண்ணி மேல மிதக்கிறதும் சீக்கிரம். இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்க ஒரு சாக்கு வேற.

அலாய்க்குக் குடுக்கிற காசுல பாதியை வெச்சு, அதே அளவுல இருக்கிறதுலயே நல்ல டயர் வாங்கலாம். வண்டி வளைவுல ஒட்டி ஓடும். ஸ்போர்ட்டின்னா அதுதான், பார்க்கிங்ல நின்னு பளபளக்கிறது இல்லை.

ரெண்டு போதும் சார்!

முன் சக்கரம் இழுக்கிற வண்டிகள்ல முன் டயர்தான் முதல்ல தேயும். ரெண்டு மட்டும் மாத்தறதுல தப்பில்லை. ஆனா கடைக்காரர் புதுசை முன்னாடி மாட்டிடுவார். நொய்டாவுல ஒரு கடையில "பின்னாடி போடுப்பா"ன்னு கேட்டதுக்கு, வேற கிரகத்துலேருந்து வந்தவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாங்க. டயர் கம்பெனிகள் சொல்றது: புதுசு பின்னாடி, பழசு முன்னாடி. ஈரத்துல முன் சக்கரம் வழுக்கினா வண்டி நேரா போகும், காலை எடுத்தா பெரும்பாலும் கட்டுக்குள்ள வரும். பின் சக்கரம் வழுக்கினா வண்டி பம்பரம். நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது, தெரிஞ்சாலும் அவகாசம் இருக்காது.

கோடையில காத்தைக் குறைக்கிற கொடுமை

மே மாசம் லீவு. ஊருக்குப் போறோம். ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத்னு சென்னைக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அஞ்சு பேர், டிக்கி நிறைய மூட்டை. கிளம்பறதுக்கு முன்னாடி பெட்ரோல் பங்க்ல ஒரு அறிவாளி, "கர்மி ஹை, ஹவா கம் ரகோ" அப்படிம்பார். நம்மாளும் தலையாட்டுவார்.

தயவு செஞ்சு தலையாட்டாதீங்க. காத்து குறைஞ்ச டயர்ல பக்கச் சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் அதிகமா மடங்கி நிமிரும். அந்த மடங்கல்தான் சூடு. அந்தச் சூட்டுலதான் டயர் வெடிக்கும். வெயில்ல ஓடும்போது அழுத்தம் கொஞ்சம் ஏறும்னு தெரிஞ்சுதான் கம்பெனி அளவு குடுத்திருக்கு. டிரைவர் பக்கக் கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற அட்டையில முழுச் சுமைக்குன்னு அளவு இருந்தா அதை வைங்க. வண்டி ஓடாம ஆறியிருக்கும்போது பாருங்க. நைட்ரஜன் போட்டா வெடிக்காதுன்னு காசு கேட்பாங்க. சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் அய்யா!

குளிர்லயும் கவனம் வேணும். மே மாச 45 டிகிரியில 33 வெச்ச டயர், ஒரு துளி கசியாமலே ஜனவரி அஞ்சு டிகிரியில 27க்கு வந்துடும்.

மழைக்கும் ஒரு கணக்கு இருக்கு. தண்ணி மேல டயர் எந்த வேகத்துல மிதக்கத் தொடங்கும்னு 1963ல நாசா விமான டயர்களை வெச்சு ஒரு சூத்திரம் குடுத்தது. வேகம் காத்தழுத்தத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பட்டனை மிஞ்சி தண்ணி நிக்கும்போது 33க்கு மணிக்குச் சுமார் 96 கிலோமீட்டர். 25க்கு சுமார் 83தான். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில கார்களுக்கு அனுமதி 100. மீதியை நீங்களே யோசிச்சுக்கோங்க.

சரி, என்னதான் பண்ணணும்?

1. கம்பெனி குடுத்த அளவையே வாங்குங்க. கடைசியில வர்ற 88 ஹெச் மாதிரியான எண்ணும் எழுத்தும் சுமையும் வேகமும். 88ன்னா ஒரு டயருக்கு 560 கிலோ, ஹெச்னா 210 கிலோமீட்டர். இதுக்குக் கீழே இறங்காதீங்க. "டி போதும் சார், ஒண்ணும் ஆகாது"ன்னா கடையை மாத்துங்க.

2. ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். 2325ன்னா 2025ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. ஆறு மாசத்துக்கு மேல பழசுன்னா தள்ளுபடி கேளுங்க, ஒரு வருஷத்துக்கு மேலன்னா வேண்டாம்னுடுங்க.

3. "ஆல் சீசனா?"ன்னு கேட்காதீங்க. "ஈரத்துல எது நல்லாப் பிடிக்கும்?"னு கேளுங்க. நட்சத்திர லேபிளைப் பார்த்து மயங்காதீங்க, அந்த நட்சத்திரம் பெட்ரோல் மிச்சத்தைப் பத்திப் பேசறது.

4. பட்டன் 1.6 மில்லி வர்ற வரைக்கும் சட்டம் விடும். மழை விடாது. 3 மில்லியிலயே மாத்துங்க. அஞ்சு வருஷம் ஆச்சுன்னா வருஷா வருஷம் வெடிப்பு இருக்கான்னு காட்டுங்க. ஸ்டெப்னியையும் சேர்த்து!

5. அலைன்மென்ட், பேலன்ஸிங் பண்ணுங்க. புது வால்வு போடச் சொல்லுங்க.

நாலு நல்ல டயருக்கு இருபத்தஞ்சாயிரம் ஆகுமா? வருஷத்துக்கு அஞ்சாயிரம்னு வைங்க. குடும்பத்தோட ஒரு மால்ல படம் பார்த்து, பாப்கார்ன் சாப்பிட்டு, ரெண்டு தடவை வெளிய வந்தா போற காசு. ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் ஆறு, எட்டுன்னு எண்ணி எண்ணி வாங்கினோம். அந்த ஏபிஎஸ் தரையைத் தொடறது டயர் வழியாத்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடற இடம் உங்க உள்ளங்கை அகலம்தான். மொத்தம் நாலு உள்ளங்கை. மொத்தக் குடும்பமும் அது மேலதான் ஊருக்குப் போயிட்டு வருது. அங்க கஞ்சத்தனம் வேண்டாம்.

டிஸ்கி: எனக்கும் எந்த டயர் கம்பெனிக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. வாங்கல் மட்டும்தான், அதுவும் காசு குடுத்து :-)