கோவண்டிக்கு எட்டாத தோல்

செயற்கைத் தோல் பற்றிய கருத்தரங்க உரைகள் பெரும்பாலும் பாஸ்டனிலிருந்தே தொடங்குகின்றன. மாட்டுக் கொலாஜனோடு சுறாவின் குருத்தெலும்பிலிருந்து பிரித்த சேர்மத்தைப் பிணைத்து, மேலே சிலிக்கோன் ஏடு போர்த்தி, பர்க்கும் யானாஸும் உருவாக்கிய தோல் 1981இல் உலகின் கவனத்தைப் பெற்றது. 1996இல் அமெரிக்க அரசின் ஒப்புதலையும் பெற்றது. பெரும் சாதனைதான். ஆனால் கோவண்டியில், அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் தீப்பட்ட பெண்ணுக்கு அதன் விலை எட்டுவதில்லை.

பெருந்தீக்காயம் பட்டவர்களில் பலர் தீயினால் அன்றே இறப்பதில்லை. மூடப்படாத புண்ணின் வழியே நீர் வடிகிறது, கிருமி நுழைகிறது. உயிர் போவது அதன்பிறகுதான். எடுத்து ஒட்டச் சொந்தத் தோல் போதாத உடலுக்கு முதல் தேவை ஒரு தற்காலிகப் போர்வை.

அதற்கான விடை கோவண்டிக்கு அருகிலேயே இருந்தது. டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஐசோமெட் என்னும் கதிர்வீச்சு நிலையம் 1974 முதல் மருத்துவப் பொருள்களைக் காமாக் கதிரால் கிருமி நீக்கி வந்தது. (அதே மையத்தின் தேவைக்காக 1976இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டவர்கள்தாம், தமிழர் பலர் உட்பட, இன்றைய சீத்தா கேம்ப் மக்கள்.) டாட்டா நினைவு மருத்துவமனையில் 1988இல் தொடங்கிய திசு வங்கி, பேற்றின்பின் எறியப்படும் பனிக்குடப் படலத்தைப் பரிசோதித்து, உறைய வைத்து உலர்த்தி, அந்தக் கதிரால் தூய்மையாக்கிப் புண்களுக்கு அளித்தது. உலர்ந்த படலம் அறை வெப்பநிலையில், சாதாரண அலமாரியில் கெடாதிருக்கும். சயான் மருத்துவமனை 2000இல் தோல் வங்கியையும் திறந்தது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் தோல், கிளிசராலில் ஐந்தாண்டு வரை நிற்கும். இரத்த வகைப் பொருத்தமும் வேண்டியதில்லை.

பனிக்குடப் படலம் தோலாகிவிடாது என்பது நியாயமான மறுப்பு. ஆழ்ந்த காயம் ஆறும்போது கழுத்தும் அக்குளும் சுருங்கி இறுகும். கையை உயர்த்த முடியாதவருக்குக் கூலி வேலை ஏது? அடித்தோலை மீட்டுத் தரும் பொறியியல் தோல் இவர்களுக்கே மிகுதியாகத் தேவை. கொலாஜனுக்கும் பாஸ்டனை நோக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆய்வுக்கென 1948இல் சென்னையில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், புண்ணுக்குரிய கொலாஜன் ஏடுகளையும் ஆராய்ந்திருக்கிறது.

குறை இருப்பது ஆய்வை அளக்கும் முறையில். செல் எத்தனை நாள் உயிரோடிருந்தது என்பதை ஆய்வேடு அட்டவணையிடுகிறது. குளிர்பதனம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும், ஒரு சதுர அங்குலம் என்ன விலை, ஒட்டுவதற்கு எத்தகைய அறுவை அரங்கு வேண்டும் என்னும் கேள்விகள் வாய்மொழித் தேர்வில் அரிதாகவே எழுகின்றன. அவற்றுக்கும் ஓர் அத்தியாயம் கேட்பது நெறியாளரின் அதிகாரத்துக்கு உட்பட்டதே.